பரிண்டாப் பிரமுகர்கள் பிறந்த நேரம்

அடுத்தவர் பெருமையை எழுதிச் சம்பளம் வாங்குவதுபோல் பொல்லாத தொழில் வேறில்லை. குறைத்து எழுதினால் அவர் கோபிப்பார், உள்ளபடி எழுதினால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கோபிப்பார். விழா மலர், பாராட்டு மலர், செத்தவருக்கு அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகம் என்று எதையாவது தொகுத்துக் கொடுத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்து, லிட்கம்மில் ஒரு சிறிய பதிப்பகத்தில் சேர்ந்தேன். முதலாளி மிஸ்டர் பிராடி. நாட்டுப்புறத்தில் நூறு வயது நிறையும் சயர்களுக்குச் சரித்திரப் புத்தகம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. சயர் என்றால் நம்முடைய கிராமசபை மாதிரி. ஆனால் ஒரு சயருக்குள் யாழ்ப்பாணக் குடாநாட்டை இரண்டு மூன்று தரம் விரித்துப் போடலாம்; சனம்தான் ஒரு கோயில் திருவிழாவுக்குக் காணாது. புத்தகத்தில் முன்பாதி சரித்திரம், பின்பாதி பிரமுகர்கள். முன்பாதியை ஒருவரும் வாசிப்பதில்லை. பின்பாதியில் தன் பெயர் எத்தனையாம் பக்கம் என்று பார்க்காதவர் ஒருவரும் இல்லை.

எனக்குக் கிடைத்தது பரிண்டா சயர். சிட்னியிலிருந்து ஒரு முழுப்பகல் ரயில். எனக்குத் தவணை மூன்று மாதம். பரிண்டாவின் புத்தகக் குழு கையெழுத்துப் பிரதியை ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் மனைவி புவனமும் இரண்டு மகள்மாரும் பெட்டி கட்டிக்கொண்டு இருந்தார்கள். வேலை நிரந்தரம் என்ற கடிதத்தைக் கண்ணால் காணாமல் அவர்களைப் பிளேனில் ஏற்றமாட்டேன் என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். மருமகனை விடக் கடிதத்தில் அவருக்கு நம்பிக்கை.

ஒன்று சொல்லிவைக்கிறேன். பரிண்டாக்காரர் பேசியது இங்கிலீஷ்தான். என் காதுக்குள் விழும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். எனக்கு ஞாபகம் இருப்பதும் அப்படித்தான், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

நாலாம் கட்டம்

மிஸ்டர் பிராடி ஒரு கிழமை மெல்பேர்ண் போயிருந்தார். போகும்போது, பிரமுகர்கள் தங்கள் விபரங்களை நிரப்பி அனுப்ப ஒரு படிவம் தயாரித்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் ஒன்பது வருடம் படிவம் அடித்தவனுக்கு இது என்ன பெரிய காரியம்? முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, பிறந்த நேரம், பிறந்த இடம், காணி, தொழில், பதவி, பெற்ற பரிசுகள் என்று கட்டம் கட்டமாக அடித்தேன். ஸ்டென்சில் வெட்டி, ரோணியோவில் சுற்றி, கட்டாகப் பரிண்டா சயர் கந்தோருக்கு அனுப்பினேன். அவர்களும் குழு கொடுத்த பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தபாலில் போட்டுவிட்டார்கள். முதலாளி திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தால் மனிதர் மெச்சுவார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து படிவத்தை வாசித்த மிஸ்டர் பிராடியின் விரல் நாலாம் கட்டத்தில் நின்றது. பிறந்த நேரம் எதற்கு என்று கேட்டார். சத்தியமாக எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நம்மூரில் ஒரு மனிதனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பிறந்த நேரத்தில்தானே தொடங்குவோம்? நேரம் இல்லாமல் சாதகம் ஏது, சாதகம் இல்லாமல் ஆள் ஏது? அதை நான் அவருக்கு விளங்கப்படுத்தப் போக, அவருடைய முகம் இன்னும் சிவந்தது. பரிண்டாக்காரர் இதைப் பார்த்துச் சிரித்தால் புத்தகம் கைவிட்டுப் போகும், புத்தகம் போனால் நானும் போகவேண்டியதுதான் என்று நிதானமாகச் சொன்னார்.

பின்னேரம் அறைக்கு வந்து, என்னோடு கூட இருந்த தில்லையம்பலத்திடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர், எதற்கும் அவசரப்படமாட்டார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்து, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏன் ஐசே, கேட்டது கேட்டீர், லக்கினத்தையும் கேட்டிருக்கலாமே."

முதல் வந்த படிவம்

பத்து நாள் ஒரு படிவமும் வரவில்லை. பதினோராம் நாள் ஒன்று வந்தது. அழகான கையெழுத்து, ஒரு கட்டம் வெறுமையில்லை. பெயர் டோபி. தொழில், ஆடு மேய்த்தல். பெற்ற பரிசுகள், மூன்று கண்காட்சிகளில் முதலிடம். நாலாம் கட்டத்தில், விடியற்காலை பால் கறக்கும் நேரம், ஐந்தில் மூன்றாவது என்று எழுதியிருந்தது.

டோபி நாய். அனுப்பிய விவசாயி கூடவே ஒரு துண்டுக் கடிதமும் வைத்திருந்தார். தான் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள ஒன்றும் செய்யவில்லை, தன் நாய் செய்திருக்கிறது, ஆகவே தன்னுடைய படிவத்தை அதற்குப் பாவித்ததற்கு மன்னிக்கவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார். மிஸ்டர் பிராடி அதை என் மேசைக்கு நேரே சுவரில் ஒட்டினார். ஒட்டிவிட்டுத் திரும்பி, "சந்தோசப்படும் நாதன், உம்மடை கட்டத்தை ஒழுங்கா நிரப்பின முதல் பிரமுகர் ஒரு நாய்" என்றார்.

யாருடைய ஆள்?

படிவம் வராவிட்டால் ஆள் போகவேண்டும். ரயில் ஏறிப் பரிண்டாவுக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கினேன். அங்கத்தைய வழக்கம் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. மழையைப் பற்றிக் கேட்கலாம், கோதுமையைப் பற்றிக் கேட்கலாம், ஆட்டைப் பற்றி எவ்வளவும் கேட்கலாம். மனிதரைப் பற்றிக் கேட்கக்கூடாது. நானோ நம்மூர்ப் பழக்கத்தில் கதிரையில் இருந்ததும் தொடங்கிவிடுவேன். தாயின் ஊர் எது, பெண் எடுத்தது எந்தப் பகுதியில், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களோடு போக்குவரத்து, பேச்சுவார்த்தை உண்டா?

ஒரு கோதுமைக்காரர் வீட்டில் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அவர் எழும்பிச் சன்னலடிக்குப் போனார். மனைவி குசினிக்குள் போய்விட்டார். காரியம் கெட்டது, குழுவிடம் முறைப்பாடு போகப்போகிறது என்று பேனையை மூடினேன். அப்புறம் அந்தப் பெரிய மனிதர் சன்னலைப் பார்த்துக்கொண்டே, ஒரு வேலிச் சண்டையில் தம்பியோடு பேச்சை விட்ட கதையைச் சொன்னார். தகப்பன் கிணறு வெட்டியது, பஞ்சகாலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது, பள்ளிக்கூடத்துக்கு மரம் கொடுத்தது எல்லாம் அந்தக் கதையோடு சேர்ந்து வந்தது. இரண்டு பொழுது எழுதினேன். வெளிக்கிடும்போது கேற் வரைக்கும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இருவது வருசமாப் பக்கத்திலை இருக்கிறவன்கூட இதைக் கேக்கேல்லை. நீர் ரெண்டாவது தேத்தண்ணிக்குள்ளை கேட்டுப்போட்டீர்."

கொடியேற்றமும் தீர்த்தமும்

புத்தகக் குழுவின் தலைவர் மிஸ்டர் கேலன், பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர். குழுவில் அவருக்கு அடுத்தவர் மிஸ்டர் ஓக்லி, பெரிய கோதுமைக்காரர். பரிண்டாவுக்கு முதல் மாட்டுவண்டி ஓட்டி வந்தது தன் பூட்டன் என்று இவர் சொல்வார். தன் பூட்டன் என்று அவர் சொல்வார். பிரமுகர் பகுதியில் யார் முதல் என்று கேட்டு இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியே ஆள் அனுப்பினார்கள். ஒருவருக்கு முதற்பக்கம் கொடுத்தால் மற்றவர் குழுவில் கையைத் தூக்கமாட்டார். எனக்குக் கண்முன் தெரிந்தது சுண்டுக்குளியில் கட்டிய பெட்டிகள்.

இந்த வியாதிக்கு மருந்து நம்மூர்க் கோயிலில் இருக்கிறது. பத்து நாள் திருவிழாவில் கொடியேற்றம் ஒரு குடும்பத்தின் உபயம், தீர்த்தம் இன்னொரு குடும்பத்தின் உபயம். எது பெரிது என்று கேட்டு வழக்குப் பேசலாமே தவிர, தீர்ப்பு வராது. மிஸ்டர் கேலனிடம் போய், தொடக்கம் உங்களுடையது என்றேன். மிஸ்டர் ஓக்லியிடம் போய், முடிவு உங்களுடையது, கடைசி நாள்தான் ஊர் முழுக்கக் கூடும், படமும் பெரிதாகப் போடலாம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்பப் போட்டுக்கொண்டார். "சரிதான். கடைசியாப் பேசுறவன்தானே கூட்டத்தை முடிச்சு வைக்கிறவன். கேலன் தொடங்கட்டும்."

"டாலியிட்டைக் கேளுங்கோ"

இரண்டாம் மாதம் படிவங்கள் வரத் தொடங்கின. பிரமுகர்கள் மற்றக் கட்டங்களை ஏனோதானோ என்றுதான் நிரப்பியிருந்தார்கள். காணி என்ற இடத்தில் "போதும்" என்று எழுதியவரும் உண்டு. ஆனால் நாலாம் கட்டத்தில் எழுத்து கட்டத்தை விட்டு வெளியே வழிந்தது. "யார் கண்டது? நர்ஸ் டாலிக்குத் தெரியும்." "அம்மா சொன்னதில்லை, டாலியிட்டைக் கேளுங்கோ." "சாமம் என்று நினைக்கிறேன், டாலி அம்மா குதிரைவண்டியில் வந்தவர்." எந்தப் படிவத்தை எடுத்தாலும் இந்தப் பெயர்தான். கவுன்சிலர், போர்வீரர், கிரிக்கெட் வீரர், பாதிரியார், எல்லாரும் ஒரே ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

குழுவின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டாலி என்று ஒரு பெயர் அதில் இல்லை. ஒரு நாள் மிஸ்டர் கேலனோடு அவருடைய காரில் போகும்போது மெல்லக் கேட்டேன். அவருக்கு அந்த அம்மாவில் கோபம் ஒன்றும் இல்லை. காணி இல்லை, பதவி இல்லை, பட்டியலில் சேர்க்க ஒரு காரணமும் இல்லை என்று பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். "நல்ல மனிசிதான். ஆனா அவ தன்ரை வேலையைச் செய்தா, அவ்வளவுதானே. இது பரிண்டாவை உண்டாக்கினவையின்ரை புத்தகம்."

பிஸ்கற் தகரம்

அந்த ஊருக்கு வெகுகாலம் மருத்துவிச்சியாக இருந்த நர்ஸ் டாலி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மரவீட்டில் தனியே இருந்தார். எண்பத்தைந்து தாண்டியவர், நேராக நடந்தார். நான் வந்த காரியத்தைச் சொல்ல முதலே, பிறந்த நேரம் கேட்டு அலைகிற ஆள் நீர்தானோ என்று கேட்டார். பிறகு என்னுடைய நேரத்தைக் கேட்டார். நான் மணி, நிமிடம், நாழிகை எல்லாம் ஒப்புவித்தேன். தகப்பன் யாரென்று தெரியாதவன்கூட நம்மூரில் இதைத் தெரிந்து வைத்திருப்பான். கிழவிக்கு என்னைப் பிடித்துவிட்டது. கேட்டவுடன் நேரம் சொன்ன முதல் ஆம்பிளை நான்தானாம்.

ஒரு பிஸ்கற் தகரத்தைத் திறந்தார். உள்ளே பள்ளிக்கூடக் கொப்பிகள். நாற்பது வருடத்துக்கு மேலாகப் பரிண்டாவில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு குறிப்பு இருந்தது. எத்தனை மணி, என்ன மழை, தான் எப்படிப் போய்ச் சேர்ந்தார், பிள்ளை எப்போது அழுதது. சிலவற்றில் பிள்ளை அழவில்லை என்று இருந்தது. அந்தப் பக்கங்களை அவர் வேகமாகத் திருப்பினார். பிள்ளையைப் பற்றிய குறிப்பை எழுதிக்கொள், தாய்மாரின் சங்கதி எழுதாதே என்று கண்டிப்பாகச் சொன்னார். குழுவில் இருந்த ஒன்பது பேருடைய குறிப்பையும் எழுதிக்கொண்டேன். மிஸ்டர் கேலனுடையதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

எழும்பும்போது, புத்தகத்தில் உங்கள் பெயர் பட்டியலில் இல்லையே, என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். தெரியும் என்றார். அலுமாரியைத் திறந்து ஒரு உறையை எடுத்துத் தந்தார். உள்ளே அவருடைய படம், புதிது, நல்ல உடுப்பு, தலைமயிர் சுருட்டியிருந்தது. "புத்தகம் போடினமெண்டு கேள்விப்பட்ட உடனை போய் எடுத்து வச்சிட்டன், தம்பி. ஒருத்தரும் கேக்கேல்லை."

சயர் மண்டபம்

மூன்றாம் மாதக் கடைசியில் குழு கூடியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சயர் மண்டபத்தில். மிஸ்டர் பிராடியும் சிட்னியிலிருந்து வந்து என் பக்கத்தில் இருந்தார். கேலன் தொடக்கம், ஓக்லி முடிவு என்ற ஏற்பாடு எதிர்ப்பில்லாமல் போனது. அப்புறம் ஒருவர், இந்தப் பிறந்த நேரக் கட்டம் என்ன பகிடி, இதையும் அச்சடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மிஸ்டர் பிராடி என்னைப் பார்த்த பார்வையில், என் வேலை முடிந்தது என்று எனக்கே தெரிந்தது.

இனி இழக்க என்ன இருக்கிறது என்று எழும்பினேன். பேச்சு ஒன்றும் பேசவில்லை. குழுவினர் ஒன்பது பேருடைய படிவங்களையும் எடுத்து, நாலாம் கட்டத்தை மட்டும் வாசித்தேன். டாலி, டாலி, டாலியிட்டைக் கேளுங்கோ. ஐந்தாவது படிவத்தோடு சிரிப்பு நின்றது. பிறகு, கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் அவருடைய நேரத்தை வாசித்தேன். மிஸ்டர் ஓக்லிக்குக் காலை ஆறேகால், பனி, வந்தவுடன் அழுகை. ஓக்லி மேசையில் அடித்துச் சிரித்தார். மிஸ்டர் கேலனுடையது கடைசி, டாலி எழுதியபடியே வாசித்தேன். பின்னேரம் நாலு இருபது. ஓடை பெருக்கு, குதிரை இறங்க மறுத்தது, அவிழ்த்துவிட்டு இடுப்புத் தண்ணீரில் நடந்து போனேன். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பிள்ளை நீலம். அழப் பிந்தியது. நாலு இருபத்தாறுக்கு அழுதான்.

மிஸ்டர் கேலன் அந்தத் தாளை வாங்கித் தானே ஒருதரம் வாசித்தார். தன் தாய் இதைத் தனக்கு ஒருபோதும் சொன்னதில்லை என்றார். மண்டபத்தின் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் என்னிடம் வந்து, தங்களுடைய நேரமும் அந்தக் கொப்பிகளில் இருக்குமா என்று கேட்கத் தொடங்கினார்கள். சாதகம் பார்க்கும் சாத்திரியார் வீட்டு முற்றம் மாதிரி ஆகிவிட்டது. டாலியை எங்கே போடுவது, அகரவரிசையில் வருமா என்று யாரோ கேட்டார். மிஸ்டர் கேலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்களெல்லாருக்கும் முதல் அங்கை வந்து நிண்டவ அவதானே. எனக்கும் முன்னாலை போடும்."

வரிசை

புத்தகம் வந்த நாளில் அதே மண்டபத்தில் விழா. முதல் தாளில், ஒரு பக்கம் முழுக்க, சுருட்டிய தலைமயிரோடு நர்ஸ் டாலியின் படம். கேலனும் ஓக்லியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைக் கதிரையில் இருத்தினார்கள். அந்த இரண்டு குடும்பமும் ஒரு காரியத்துக்கு ஒன்றாகக் கைகொடுத்தது அன்றைக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். சனம் புத்தகத்தோடு வரிசையில் நின்றது. ஒவ்வொருவரும் தன்னுடைய பக்கத்தை விரித்து நீட்ட, கிழவி கொப்பியைப் பார்த்து அதில் நேரத்தை எழுதிக் கொடுத்தார். டோபியின் சொந்தக்காரரும் நாயோடு வரிசையில் நின்றார்.

அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் அவ்வளவாக வந்ததில்லை. வெளிநாட்டுக்கு வந்த நாள் முதல் தலை குனிந்து திரிந்தவன், அன்றைக்கு அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன். புத்தகம் அச்சாகி வரட்டும் என்று பிந்தவிட்டிருந்த கடிதத்தை மிஸ்டர் பிராடி சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். வேலை நிரந்தரம். லிட்கம்முக்குத் திரும்பி அடுத்த சயரின் படிவத்தை நான் தட்டச்சில் ஏற்றும்போது பின்னால் வந்து நின்று சொன்னார்: "அந்த நாலாம் கட்டத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடும் நாதன், போன முறை இடம் காணேல்லை."

மாமனாரின் கேள்வி

கடிதத்தைச் சுண்டுக்குளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இனி மாமனார் என்ன சொல்ல முடியும் என்று காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். புவனத்தின் மறுமொழி வந்தது. கடிதம் நல்ல கடிதம்தானாம், முத்திரையும் கையெழுத்தும் சரிதானாம். ஆனால் அது என் கைக்குக் கிடைத்தது எத்தனை மணிக்கு என்று நான் எழுதவில்லையாம். நேரம் தெரியாமல் சாத்திரியாரிடம் எதைக் காட்டுவது, சாத்திரியாரிடம் காட்டாமல் எப்படிப் பயணம் வைப்பது என்று மாமனார் கேட்கிறாராம்.

அன்றைய சந்தோசத்தில் மணிக்கூட்டை யார் பார்த்தது? ஒரு சயர் முழுவதையும் நேரம் கேட்டு அலைத்தவன், என்னுடைய நேரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். தில்லையம்பலத்தின் பஞ்சாங்கத்தை இரவல் வாங்கி, அந்த நாளில் இருந்ததிலேயே ஆகத் திறமான நேரத்தைத் தேடி எடுத்து, நிமிடக் கணக்கோடு எழுதிப் போட்டேன். பதின்மூன்றாம் நாள் தந்தி வந்தது, பயணம் வைத்தாயிற்று என்று. சிட்னி விமான நிலையத்தில் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு, பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த புவனம், என்னைக் கண்டு கண் கலங்கிச் சிரித்தபடி முதல் சொன்னது இதுதான்: "உங்களுக்குக் கடிதம் கிடைச்ச நேரத்தைப் பாத்திட்டு, இப்பிடியொரு நேரம் தன்ரை சீவியத்திலை கண்டதில்லை எண்டு சாத்திரியார் சொன்னவர்."

ஒரு நாய்கூட நேர்மையாக நிரப்பிய நாலாம் கட்டத்தில் பொய் எழுதியவன் என்று பரிண்டா சரித்திரத்தில் தேடினால், அகப்படுகிற ஒரே ஆள் அதை எழுதிய நான்தான்.